பிடித்த பாடம் நல்ல வழிகாட்டி அல்ல

கல்லூரி மாணவர் எவரிடமும் பிடித்த பாடம் எது, பிடிக்காத பாடம் எது என்று கேட்டால் விடை உடனே வந்துவிடும். அந்த விடையைக் கேட்பவர்கள் அதை ஒரு சாதாரண ரசனைக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோர் அதை வைத்து மேற்படிப்பைத் தீர்மானிக்கிறார்கள். கல்லூரி நிர்வாகம் அதை வைத்து ஆசிரியரை எடைபோடுகிறது. பாடத்திட்டக் குழு அதை வைத்து எதைக் குறைக்கலாம் என்று யோசிக்கிறது. மாணவரும் அதை வைத்துத் தம்மைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இந்தப் பழக்கத்துக்கு அடியில் மூன்று நம்பிக்கைகள் உள்ளன. பிடித்த பாடத்தில்தான் மாணவர் அதிகம் கற்றிருப்பார் என்பது முதலாவது. பிடிப்பது திறமையின் அடையாளம், பிடிக்காதது தனக்கு வராத பாடம் என்பது இரண்டாவது. பிடிக்காத பாடம் சுமைதான், விரும்பியதைத் தேர்ந்தெடுக்க விட்டுவிட்டால் கல்வி தானே சீராகும் என்பது மூன்றாவது. மூன்றும் கேட்க நியாயமாகவே இருக்கின்றன. ஆனால் ஆராய்ந்து பார்த்தால் மூன்றுமே நிற்கவில்லை.

முதலில், ‘பிடித்தது’ என்ற தீர்ப்பு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். ஒரு மாணவருக்குப் பாடம் என்பது தனியாக வந்து சேர்வதில்லை. ஆசிரியரின் குரல், வகுப்பு நடக்கும் நேரம், இன்டர்னல் மதிப்பெண் போடும் கை தாராளமா கறாரா என்பது, சீனியர் மாணவர்கள் சொல்லிவைத்த எச்சரிக்கை, பள்ளியில் போட்ட அடித்தளம் எல்லாமே அதனோடு கலந்து வருகின்றன. மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பில் நடத்தப்படும் வெப்ப இயக்கவியலும், காலை முதல் வகுப்பில் நடத்தப்படும் அதே வெப்ப இயக்கவியலும் மாணவர் மனதில் ஒரே பாடமாகப் பதிவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கலப்பு இன்னும் அடர்த்தியானது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த மாணவர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும் கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கிறார். தகைவு, திரிபு என்று அறிந்திருந்தவை வேறு பெயரில் கரும்பலகைக்கு வருகின்றன. முதல் செமஸ்டரில் ‘மேத்ஸ் பிடிக்கவில்லை’ என்று அவர் சொல்லும்போது, அவருக்குப் பிடிக்காதது கணிதமா, கணிதம் சொல்லப்படும் மொழியா என்று யாரும் கேட்பதில்லை. ‘புரியவில்லை’ என்று ஒப்புக்கொள்வதைவிட ‘பிடிக்கவில்லை’ என்பது கௌரவமானது. அதனால் முன்னது பின்னதன் பெயரில் வெளியே வருகிறது. கலைக் கல்லூரிகளில் இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. எளிதில் மதிப்பெண் வரும் தாள் என்று பெயர் வாங்கியது பிடித்த பாடமாகிவிடுகிறது. மாணவர் அதைத் தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் புரட்டியிருப்பார்.

ஆக, ஐந்தாறு காரணிகளின் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு, அதைப் பாடத்தின் குணம் என்று ஒருபுறமும் மாணவரின் குணம் என்று மறுபுறமும் பதிவு செய்கிறார்கள். தவறு இங்கிருந்தே தொடங்குகிறது.

இனி முதல் நம்பிக்கை. பிடித்த பாடத்தில் அதிகம் கற்றிருப்போம் என்பதை மாணவர் மட்டுமல்ல, ஆய்வாளர்களும் நீண்ட காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிக்க உதவிய, மாணவர் ஆசிரியரை மதிப்பிடும் முறை அமெரிக்காவில் 1920களிலேயே வந்துவிட்டது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் உருவாக்கிய மதிப்பீட்டு அளவுகோல் 1927ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பின்னாளில், ஒரே பாடத்தைப் பல பிரிவுகளாகப் பல ஆசிரியர்கள் நடத்தி எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்கும் கல்லூரிகளில், உயர் மதிப்பீடு பெற்ற ஆசிரியரின் மாணவர்கள் அதிக மதிப்பெண் பெறுகிறார்களா என்று பார்த்தார்கள். அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 1981இல் பீட்டர் கோஹன் வெளியிட்ட கட்டுரை, இரண்டுக்கும் ஓரளவு நல்ல தொடர்பு உண்டு என்றது. மதிப்பீட்டுப் படிவங்களின் ஆதரவாளர்கள் பல ஆண்டுகள் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2017இல் பாப் உட்லும் அவருடைய சகாக்களும் அந்தத் தரவுகளையும் பின்னர் வந்தவற்றையும் மறுபடி கணக்கிட்டபோது படம் மாறியது. சில பிரிவுகளை மட்டுமே வைத்துச் செய்யப்பட்ட சிறிய ஆய்வுகள்தான் அந்தத் தொடர்பைப் பெரிதாகக் காட்டியிருந்தன. அவற்றுக்கு உரிய எடையை மட்டும் தந்ததும் மதிப்பீட்டுக்கும் கற்றலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பே இல்லை என்ற முடிவு வந்தது.

தொடர்பு இல்லை என்பதோடு இது முடியவில்லை. சில இடங்களில் தொடர்பு தலைகீழாகவே இருக்கிறது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் இதைச் சோதிப்பதற்கு அரிய களம். அங்கே மாணவர் தம் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கல் போன்ற முறையில் பிரிவுகள் ஒதுக்கப்படுகின்றன. பாடத்திட்டமும் தேர்வும் எல்லாருக்கும் ஒன்று. அடுத்தடுத்த பாடங்களும் கட்டாயம். ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்டும் அங்கே 2000 முதல் 2007 வரை படித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். முதல் கால்குலஸ் பாடத்தில் தம் மாணவர்களுக்கு அப்போதைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கச் செய்த ஆசிரியர்கள் நல்ல மதிப்பீடும் பெற்றார்கள். ஆனால் அதே மாணவர்கள் அடுத்து வந்த மேல்நிலைப் பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவமும் உயர்தகுதியும் கொண்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பருவத்தில் அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. ஆனால் அடுத்த கட்டத்தில் முன்னேறினார்கள். தேர்வுக்குத் தயார்படுத்துவதும் பாடத்தை ஆழமாக ஊன்றச் செய்வதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதன் பலன் அதே பருவத்தில் தெரிகிறது. இரண்டாவதன் பலன் படிவம் நிரப்பி முடித்த பிறகுதான் தெரிகிறது.

இது ராணுவக் கட்டுப்பாடு உள்ள ஒரு நிறுவனத்தின் தனிக்கதை என்று ஒதுக்கவும் முடியாது. இத்தாலியின் மிலான் நகரிலுள்ள போக்கோனி பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வும் இதையே கண்டது. மாணவர்களின் பிற்காலத் தேர்ச்சியை உயர்த்திய ஆசிரியர்களுக்கே குறைந்த மதிப்பீடு கிடைத்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் கவனித்தது: வானிலை மோசமாக இருந்த நாட்களில் மாணவர்கள் குறைவான மதிப்பெண் போட்டார்கள். மழை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனாலும் ஆசிரியர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

மாணவர் தாம் கற்றதைத் தாமே அறியமாட்டாரா என்ற கேள்வி இங்கே எழும். இதற்கு நேரடியான விடை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்பில் கிடைத்தது. லூயி டெலோரியேவும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட சோதனை அது. மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரே பொருள், ஒரே கையேடு. ஒரு குழு தேர்ந்த பேச்சாளரின் தெளிவான விரிவுரையைக் கேட்டது. மற்றது சிறு குழுக்களாகக் கணக்குகளோடு தாமே மல்லுக்கட்டியது, பிறகே விடை சொல்லப்பட்டது. அடுத்த வகுப்பில் இரு குழுக்களும் இடம் மாறின. சோதனைத் தாளில் மல்லுக்கட்டியவர்களே அதிகம் பெற்றார்கள். அதிகம் கற்றதாகச் சொன்னவர்களோ விரிவுரை கேட்டவர்கள். சரளமாக ஓடும் விரிவுரை கேட்பவருக்குத் தாமே சரளமாகிவிட்டதுபோன்ற எண்ணத்தைத் தருகிறது. திணறலோ, கற்பதன் அறிகுறியாக இருந்தும் கற்காததன் அறிகுறியாகவே உணரப்படுகிறது.

நினைவாற்றல் ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் நடத்திய சோதனையில், ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், புத்தகத்தை மூடி நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். ஆனால் நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை முதல் குழுவிடம்தான் அதிகம் இருந்தது. 2008இல் நேட் கார்னெலும் ராபர்ட் பியோர்க்கும் 12 ஓவியர்களின் படைப்புகளைக் காட்டி, புதிய ஓவியம் யாருடையது என்று அடையாளம் காணச் சொன்னார்கள். ஓவியர்களைக் கலந்து கலந்து பார்த்துக் கற்றவர்களே நன்றாகச் செய்தார்கள்; ஆனால் ஒருவரின் படங்களை ஒரே மூச்சில் பார்ப்பதே நல்ல முறை என்று பெரும்பாலோர் சோதனை முடிந்த பிறகும் சொன்னார்கள். தாம் கற்றதை மதிப்பிடுவதில் கற்பவரே நம்பத்தகுந்த சாட்சி அல்ல என்பது இவற்றிலிருந்து தெளிவாகிறது.

அந்தச் சாட்சியம் எவ்வளவு எளிதில் வளையும் என்பதற்கு 1970இல் நடந்த ஒரு நாடகம் சான்று. மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகருக்கு ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று பெயரிட்டு, கணித ஆட்டக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிப் பேச வைத்தார்கள். உரையில் முரண்களும் வெற்றுச் சொற்களும் வேண்டுமென்றே நிரப்பப்பட்டிருந்தன. நகைச்சுவையும் கம்பீரமும் தாராளமாக இருந்தன. கேட்டவர்கள் உளவியல், கல்வித் துறைகளைச் சேர்ந்த படித்தவர்கள். 1973இல் வெளியான முடிவின்படி பெரும்பாலோர் உரையைப் பாராட்டினார்கள். அந்தச் சோதனை சிறியது, குறைகள் உள்ளது. எனினும் தொழில் அனுபவம் உள்ளவர்களே இப்படி மயங்கும்போது, பதினெட்டு வயதில் பாடத்துக்குள் முதன்முதலாக நுழைபவரிடம் சரியான தீர்ப்பை எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

இரண்டாவது நம்பிக்கை திறமையைப் பற்றியது. பிடிக்காத பாடம் தனக்கு வராது என்பதற்கு வரலாற்றிலேயே வலுவான மறுப்பு இருக்கிறது. சார்லஸ் டார்வின் 1825 முதல் 1827 வரை எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அங்கே ராபர்ட் ஜேம்சனின் நிலவியல் விரிவுரைகள் அவரை மிகவும் சலிப்படையச் செய்தன. வாழ்நாளில் நிலவியல் புத்தகத்தையே தொடுவதில்லை என்று தீர்மானித்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னர் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் தூண்டுதலால் மறுபடி நிலவியலைத் தொட்டார். 1831 ஆகஸ்டில் நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக்குடன் வட வேல்ஸில் பாறைகளைப் பார்த்து நடந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏறியபோது லயலின் நிலவியல் நூலின் முதல் தொகுதி அவரிடம் இருந்தது. பயணத்தின் பலனாகப் பவளப்பாறைகள், எரிமலைத் தீவுகள், தென் அமெரிக்க நிலவியல் என மூன்று நூல்களை 1842க்கும் 1846க்கும் இடையில் வெளியிட்டார். 1859இல் லண்டன் நிலவியல் கழகம் அவருக்கு வொல்லாஸ்டன் பதக்கம் அளித்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் டார்வினிடம் பிடிக்காத பாடத்தைக் கேட்டு, அதன்படி அவருக்கு வழிகாட்டியிருந்தால், நிலவியல் அவர் வாழ்க்கையிலிருந்தே நீக்கப்பட்டிருக்கும்.

அதே டார்வின் மறுபக்கத்துக்கும் சான்று. 1828 கோடையில் பார்மத் என்ற ஊரில் தனி ஆசிரியர் வைத்துக் கணிதம் கற்க முயன்றார். அல்ஜிப்ராவின் தொடக்கப் படிகளில் எந்தப் பொருளும் தெரியவில்லை என்பதால் வெறுத்து விட்டுவிட்டார். அந்தப் பொறுமையின்மை மடத்தனம் என்று முதுமையில் வருந்தினார். எடின்பரோவில் உடற்கூறியல் வகுப்பு அருவருப்பூட்டியதால் அறுவைப் பயிற்சியைத் தவிர்த்ததும் பின்னர் ஈடுசெய்ய முடியாத இழப்பாக அவருக்குத் தெரிந்தது. பிடிக்காததால் விட்ட பாடங்களில் ஒன்று பின்னர் அவருடைய புகழுக்கே அடித்தளமாயிற்று. மற்ற இரண்டும் ஆயுள்முழுக்கக் குறையாகவே நின்றன. அப்போதைய வெறுப்பால் இரண்டு வகைகளையும் பிரித்தறிய முடியவில்லை.

விருப்பமே வழி என்பவர்கள் இந்த இடத்தில் கணித மேதை ராமானுஜனைக் கொண்டுவருவார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தோற்றார். ஒரே பாடத்தைப் பிடித்துக்கொண்டவரே மேதை ஆனார் என்பது அவர்கள் வாதம். அவருக்கு அன்றைய தேர்வு முறை இழைத்தது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய விருப்பம் எத்தகையது என்று பார்க்க வேண்டும். கார் என்பவர் எழுதிய தொகுப்பு நூலில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் பெரும்பாலும் நிறுவல் இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்து வளர்ந்த விருப்பம் அது. நகைச்சுவையான ஆசிரியரோ தாராளமான இன்டர்னல் மதிப்பெண்ணோ அதைத் தரவில்லை. ஆண்டுக்கணக்கான உழைப்பில் விளைந்த பற்றையும், ஒரு செமஸ்டரின் முடிவில் படிவத்தில் இடும் குறியையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் இந்த வாதத்தின் ஓட்டை. ராமானுஜன் ஆதரிப்பது முதலாவதை மட்டுமே.

விருப்பம் ஆயத்தமாக உள்ளே கிடக்கிறது, கண்டெடுத்தால் போதும் என்ற எண்ணமே கெடுதல் செய்யக்கூடியது என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. பால் ஓ’கீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், மாணவர்களுக்குக் கருந்துளைகள் பற்றி ஒரு சுவையான காணொளியைக் காட்டினார்கள், ஆர்வம் பிறந்தது. பிறகு அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். விருப்பம் பிறவியிலேயே அமைவது என்று நம்பியவர்களின் ஆர்வமே அதிகம் சரிந்தது. தமக்குரிய பாடம் என்றால் இவ்வளவு கடினமாக இராது என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். ‘உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி’ என்று மாணவருக்குச் சொல்லும் அறிவுரை, முதல் கடினமான அத்தியாயத்திலேயே பாடத்தைக் கைவிடக் காரணத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது நம்பிக்கை தேர்வுரிமையைப் பற்றியது. பிடிக்காத பாடங்களை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் மாணவர் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஹார்வர்டு அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1869 முதல் 1909 வரை அதன் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களைப் படிப்படியாக ஏறக்குறைய முழுதும் நீக்கினார். அதனால் புதிய துறைகள் வளர்ந்தன என்பது உண்மை. ஆனால் மாணவர் பலர் தொடக்கநிலைப் பாடங்களையே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிப் பட்டம் பெற்றார்கள். எளிய பாடங்களில் கூட்டம் சேர்ந்தது. 1909இல் பொறுப்பேற்ற அபட் லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமும் மற்றவற்றில் பரவலும் கட்டாயம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று பல நாடுகளில் உள்ள முதன்மைப் பாடம், பரவல் பாடம் என்ற அமைப்புக்கு அது ஒரு முன்மாதிரி.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடம், முதன்மைப் பாடம், துணைப்பாடம் என்று பகுதி பகுதியாக அமைத்திருப்பதன் தருக்கமும் இதுவே. இயற்பியல் மாணவர் துணைப்பாடமாகக் கணிதம் படிப்பது அவரைத் துன்புறுத்த அல்ல. மூன்றாம் ஆண்டில் வரும் குவாண்டம் இயக்கவியல் வகைக்கெழுச் சமன்பாடு தெரியாதவருக்குத் திறக்காது. முதலாண்டு மாணவர் இதைப் பார்க்க முடியாது. அதன் பயனைக் காணும் இடத்துக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. அடிப்படைப் பாடங்கள் வெறுக்கப்படுவதன் காரணங்களுள் முக்கியமானது இந்தக் கால இடைவெளி: உழைப்பு முதலாண்டில், பலன் மூன்றாமாண்டில். எலெக்டிவ் என்ற பெயரில் துறையே ஒன்றைத் தீர்மானித்து வகுப்பு முழுவதற்கும் தருவது பல கல்லூரிகளின் நடைமுறை, அது கண்டிக்கத்தக்கது. ஆனால் அந்தக் குறையின் மருந்து உண்மையான தேர்வுகளைத் தருவதே. அடித்தளத்தையே தேர்வுக்கு விடுவதல்ல.

இந்த மறுப்பை, மாணவர் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்ற வாதமாக நீட்டக் கூடாது. அவர் கண்ணால் பார்த்ததற்கு அவரே சிறந்த சாட்சி. ஆசிரியர் வகுப்புக்கு ஒழுங்காக வந்தாரா, பாடத்திட்டம் முடிந்ததா, கேள்வி கேட்டவரை அவமதித்தாரா, விடைத்தாளைத் திருத்தித் திருப்பித் தந்தாரா, மதிப்பெண்ணில் பாரபட்சம் காட்டினாரா என்பவற்றுக்கு அவர் சொல் முதன்மையானது. அதைக் கேட்காத கல்லூரி தன் கண்ணைத் தானே மூடிக்கொள்கிறது. ஆர்வம் கவனத்தையும் விடாமுயற்சியையும் வளர்க்கிறது என்பதும் மறுக்க முடியாதது. மறுக்கப்படுவது வேறொன்று: ஒரு பருவத்தின் விருப்பு வெறுப்பைக் கற்றலின் அளவாகவும், திறமையின் சோதனையாகவும், பாடத்தின் தகுதிச் சான்றாகவும் கொள்வது.

நடைமுறையில் இதற்கு ஏற்ற மாற்றங்கள் கடினமானவை அல்ல. தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையான நாக், கல்லூரிகளின் மதிப்பீட்டில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பையும் ஓர் அங்கமாகச் சேர்த்தது. அதில் வரும் எண்ணைத் திருப்தியின் அளவாக மட்டும் படிக்க வேண்டும், கற்றலின் அளவாகப் படிக்கக் கூடாது. முதல் கால்குலஸ் பாடத்தைப் பற்றிய கேள்வியை, அதைச் சார்ந்த அடுத்த பாடத்தை முடித்த மாணவரிடமும் கேட்க வேண்டும். ஆசிரியரின் பதவி உயர்வை அந்தப் பருவத்துக் கருத்துப் படிவத்தோடு மட்டும் கட்டினால், கடினமான கணக்கை வகுப்பில் கொடுப்பவரும் கறாராகத் திருத்துபவரும் தண்டிக்கப்படுவார்கள். காலப்போக்கில் அவர்களும் எளிய வழிக்கு வந்துவிடுவார்கள்.

பிடிக்கவில்லை என்று சொல்லும் மாணவரிடம் அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: மொழி புரியவில்லையா, பள்ளி அடித்தளம் போதவில்லையா, ஆசிரியர் சரியில்லையா, பயன் தெரியவில்லையா? முதல் குறைக்கு இருமொழிக் கலைச்சொல் பட்டியலும் தமிழில் விளக்கமும் தீர்வு; இரண்டாவதற்கு இணைப்பு வகுப்பு; மூன்றாவதற்கு ஆசிரியரை மாற்றுவது; நான்காவதற்குப் பாடத்தின் பயனை மேல்நிலைப் பாடத்திலிருந்து எடுத்துக்காட்டுவது. இந்த நான்கையும் செய்து பார்த்து, அடிப்படையைக் கடந்தபின்னும் ஒருவருக்கு அந்தப் பாடம் ஒவ்வவில்லை என்றால், அப்போது அவருடைய வெறுப்பு ஒரு தீர்ப்பு. அதற்கு முன்னால் அது ஒரு நோய்க்குறி மட்டுமே. நோயைக் கண்டறியாமல் பாடத்தை நீக்குவதோ, மாணவரை வேறு திசைக்குத் திருப்புவதோ, ஆசிரியரைத் தண்டிப்பதோ சரியான சிகிச்சை ஆகாது.